ஊவாக் குளிரும் வேட்டைத் துப்பாக்கியும்



மார்கழியும் தையும் கூடும் நாள்களில், பதுளையிலோ பண்டாரவளையிலோ விடியற்காலையில் எழுந்து தலைக்கு எண்ணெய் வைக்கப் புகுவோர் ஒரு சிறு இடையூற்றைக் காண்பர். முந்திய நாட் பகலில் நீராக இருந்த தேங்காயெண்ணெய், போத்தலுக்குள் வெண்மையான கட்டியாக உறைந்து கிடக்கும். அதனை அடுப்பங்கரையில் சற்று நேரம் வைத்தோ, வெயில் ஏறும் வரை காத்திருந்தோதான் கையில் வார்த்துக் கொள்ள இயலும். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும் இயல்புடையது. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வாழ்வோர் இதனை அரிதாகவே காண்பர். ஊவா மலைநாட்டில் வாழும் நமக்கோ இஃது ஆண்டுதோறும் காணும் காட்சி.

இந்த உறைந்த எண்ணெய்ப் போத்தலை முன்னிறுத்தி நான் இன்று சொல்லப் புகுவது ஒரு துப்பாக்கியின் கதை. யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் துவக்கு என வழங்கும் அதே கருவியின் கதை. குளிரிலும் மழையிலும் அக்கருவி தவறாமல் வெடிக்க வேண்டும் என்பதற்காக மனிதன் இருநூறு ஆண்டுகளாகச் செய்து வந்த முயற்சி, நம் ஊவா மாகாணத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. வேட்டையைப் புகழ்வது என் நோக்கம் அன்று. ஒரு கருவியின் குறை எவ்வாறு காட்டுக்குக் காவலாக நின்றது, அக்குறை நீங்கியபோது அக்காவல் என்னவாயிற்று என்பதனை ஆராய்வதே என் நோக்கம்.

முதற்கண் நம் நாட்டின் குளிர் எத்தகையது என்பதைத் தெளிதல் வேண்டும். பதுளை நகர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. பண்டாரவளை 1,200 மீற்றரைத் தாண்டும். அப்புத்தளை 1,400 மீற்றரையும் தாண்டும். ஓஹியாவுக்கு மேலே, மத்திய மாகாண எல்லைக்குள் விரிந்து கிடக்கும் ஹோட்டன் சமவெளியோ 2,100 மீற்றர் அளவினது. அங்கே தை மாதத்து விடியற்காலையில் புல் நுனியில் உறைபனி வெள்ளியாய் மின்னுவதுண்டு. எனினும் ஐரோப்பாவிலும் ருசியாவிலும் காணும் உலர்ந்த கடுங்குளிர் நமக்கில்லை. நம்முடையது ஈரக் குளிர். வடகீழ்ப் பருவக் காற்று ஐப்பசி தொடங்கித் தை வரையில் ஊவாச் சரிவுகளில் மழையைக் கொட்டும். மழை ஓய்ந்தால் மூடுபனி ஏறும். மூடுபனி கலைந்தால் இலை நுனியெல்லாம் நீர் சொட்டும். ஆகவே இங்கே துப்பாக்கிக்குப் பகை குளிர் மட்டுமன்று. குளிர் தன் தோளிற் சுமந்து வரும் ஈரமே பெரும்பகை.

துப்பாக்கி என்பது மூன்று செயல்களின் கூட்டு. மருந்து உலர்ந்திருக்க வேண்டும். அம்மருந்தைச் சேரும் தீப்பொறி பிறக்க வேண்டும். பொறியைப் பிறப்பிக்கும் குதிரையும் வில்லும் தடையின்றி இயங்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினும் கருவி வெறும் இரும்புத் தடியே. ஈரக் குளிரோ இம்மூன்றையும் ஒருங்கே தாக்க வல்லது.

பழைய வெடிமருந்து, வெடியுப்பு நூற்றுக்கு 75 பங்கும், கரி 15 பங்கும், கந்தகம் 10 பங்கும் கலந்து இடிக்கப்பட்டது. கரி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வெடியுப்பு தூய்மையற்றதாயின் அதனினும் மிகுதியாக உறிஞ்சும். இம்மருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, குண்டையும் இட்டு, கோலால் இடித்து இறுக்குவர். அதனாலன்றோ வன்னி மக்கள் அத்தகைய துப்பாக்கியை இன்றும் ‘இடியன்’ என்கின்றனர்!

கண்டி அரசர் காலத்தில் மலைநாட்டுக் கொல்லர் துப்பாக்கி செய்வதில் பெயர் பெற்றிருந்தனர். வெள்ளியும் தந்தமும் பதித்த அவர்தம் வேலைப்பாட்டை இன்றும் அருங்காட்சியகங்களிற் காணலாம். பிற நாட்டுத் துப்பாக்கிகளில் விசைப்பொறி வலப்பக்கம் அமைந்திருக்க, கண்டித் துப்பாக்கிகள் பலவற்றில் அது இடப்பக்கம் அமைந்திருப்பது ஒரு தனிச் சிறப்பு. திரியைக் கொளுத்தி மருந்தில் தொடுவிக்கும் முறையும், சக்கிமுக்கிக் கல்லை எஃகில் மோதித் தீப்பொறி எழுப்பும் முறையுமே அக்காலத்தில் வழங்கின. இரண்டிலும் ஒரு குறை பொதுவாக இருந்தது. குழலின் பக்கத்தே ஒரு சிறு கிண்ணத்தில் பற்றுமருந்து திறந்த வெளியில் கிடக்கும். மழைத் துளி ஒன்று அதில் விழுந்தாற் போதும், மூடுபனி சிறிது நேரம் அதன்மேற் படிந்தாற் போதும், மருந்து களியாகிவிடும்.

1815 ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இரண்டே ஆண்டுகளில், 1817 இல், வெல்லசையில் கிளர்ச்சி மூண்டது. பதுளையிலிருந்து ஆட்சி நடத்திய உதவி வதிவாளர் வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவை கிளர்ச்சியாளரோடு சேர்ந்து கொண்டார். 1818 நவம்பரில் அவர் தலை வீழ்த்தப்பட்டதோடு அக்கிளர்ச்சி முடிவுற்றது. அப்போரில் இரு திறத்தாரும் ஏந்திய துப்பாக்கிகள் ஈரத்துக்கு அஞ்சியவையே. காடும் மழையும் காய்ச்சலும் கூடிய ஊவாவில், பயிற்சி பெற்ற படைவீரனின் சக்கிமுக்கித் துப்பாக்கியும் கிராமத்தானின் துப்பாக்கியும் மழை பெய்யும் வேளையில் ஒரே நிலைக்கு இறங்கிவிடும். வில்லும் அம்புமோ அவ்வாறு அடியோடு ஓய்ந்து போவதில்லை.

இக்குறையை நீக்கும் வழி, போர்க்களத்தில் அன்று, ஒரு வேட்டைக்காரப் பாதிரியாரின் கைகளில் பிறந்தது. ஸ்கொத்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் ஊரிற் பணியாற்றிய அலெக்சாண்டர் ஜோன் போர்சித் என்பார் காட்டு வாத்து வேட்டையில் ஈடுபாடுடையவர். சக்கிமுக்கிக் கிண்ணத்தில் எழும் ஒளியைக் கண்டதும், குண்டு வந்து சேருமுன்னரே பறவைகள் எச்சரிக்கை பெற்று விடுவதை அவர் கண்டார். அடித்தால் வெடிக்கும் இரசாயனப் பொருளைப் பற்றுமருந்தாகக் கொள்ளலாம் என்று தெளிந்து, 1807 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் வந்தோர் அப்பொருளைச் சிறு செப்புத் தொப்பியில் அடக்கினர். அதுவே ‘கேப்பு’ என நாம் வழங்கும் பொருள். சிறுவர் தீபாவளிக்கு வெடிக்கும் பொட்டுக் கேப்பு அதன் வழித்தோன்றலே.

1834 ஆம் ஆண்டில் ஆங்கிலப் படைத்துறையினர் வூலிச்சில் ஒரு சோதனை நிகழ்த்தினர். சக்கிமுக்கித் துப்பாக்கிகளிலும் கேப்புத் துப்பாக்கிகளிலும் தனித்தனியே 6,000 முறை சுட்டுப் பார்த்தனர். சக்கிமுக்கித் துப்பாக்கி ஏறக்குறைய ஆறரை முறைக்கு ஒரு முறை வெடிக்காமற் போயிற்று. கேப்புத் துப்பாக்கியோ 166 முறைக்கு ஒரு முறையே தவறியது. எண்கள் சில வேளைகளில் நெடுங்கதைகளைவிட மிகுதியாகப் பேசும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆயினும் புதுமை எல்லாக் கைகளுக்கும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. 1841 ஆம் ஆண்டு மே மாத இறுதியில், சீன நாட்டுக் கன்டன் நகருக்கு வெளியே, சென்னைக் காலாட்படையின் 37 ஆம் பிரிவைச் சேர்ந்த ஒரு சிறு குழுவினர் பெருமழையில் வழி தவறி, ஊர்மக்கள் கூட்டத்தால் சூழப்பட்டனர். அவர்தம் சக்கிமுக்கித் துப்பாக்கிகள் நனைந்து பயனற்றுப் போயின. துப்பாக்கி முனைக் கத்திகளை நம்பியே அவர்கள் நிற்க நேர்ந்தது. கேப்புத் துப்பாக்கி ஏந்திய கடற்படை வீரர் அவர்களைத் தேடிச் சென்று மீட்டனர். ஒரே அரசின் கொடிக்கீழ் நின்ற இரு படையினருள், தென்னாட்டு வீரர் கையில் பழங்கருவியும் மற்றவர் கையில் புதுக்கருவியும் இருந்தமை நாம் கருதத்தக்கது.

இனி நம் பதுளைக்குத் திரும்புவோம். பதுளை நகரில் புனித மாற்கு ஆலயத்தினுள்ளே ஒரு நினைவுக் கல் உள்ளது. அது மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் இலங்கை ரைபிள் படையைச் சேர்ந்தவர். பதுளையின் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். ஊவாவில் சாலைகள் அமைத்தவர். அவற்றைவிட, யானை வேட்டையாலேயே அவர் பெயர் உலகெங்கும் பரவியது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராய் இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற், ரோஜர்ஸ் கொன்ற யானைகள் 1,400 க்கு மேற்பட்டவை எனத் தம் நூலிற் குறித்துள்ளார். ஒரு மனிதன், 1,400 யானைகள்! அவ்வெண்ணிக்கையைக் கேட்கும் என் மாணவர் முதலில் நம்புவதில்லை.

1845 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆம் நாள் அப்புத்தளையில் இடியுடன் பெருமழை பெய்தது. தங்குமடத்தில் ஒதுங்கியிருந்த ரோஜர்ஸ், மழை ஓய்ந்தது எனக் கருதித் தாழ்வாரத்துக்கு வந்தபோது மின்னல் தாக்கி மாண்டார் என்பர். ஈரத்துக்கு அஞ்சாத தீயைக் கைக்கொண்ட தலைமுறையைச் சேர்ந்த அவ்வேட்டைக்காரரை, மழையோடு வந்த வானத்துத் தீ கொண்டு போயிற்று. இதனைத் தெய்வத் தண்டனை என்று அக்காலத்து மக்கள் பலர் பேசிக் கொண்டனர். வரலாற்று ஆசிரியனுக்கு அத்தீர்ப்பை வழங்கும் உரிமை இல்லை. ஆனால் மக்கள் அவ்வாறு பேசினர் என்பதே, அக்கொலைகளைக் குறித்து அவர்தம் உள்ளத்தில் உறுத்தல் இருந்தது என்பதற்குச் சான்றாகும்.

ரோஜர்சுக்குப் பின் வந்தவர் சாமுவேல் பேக்கர். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த இவர், வேட்டையைப் பற்றி நூல்கள் எழுதினார். இவர் வாழ்க்கையில் நம் பொருளுக்கு இயைந்த செய்தி ஒன்று உண்டு. தாழ்நிலக் காடுகளில் யானைக்குப் பெருந் துப்பாக்கிகளை ஏந்திய அவர், நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் மரையை வேட்டையாடும் போது பெரும்பாலும் நாய்களையும் கத்தியையுமே நம்பினார். அடர்ந்த குளிர்காட்டில் குறி பார்க்க இடமில்லை என்பதே அதற்கு முதற் காரணம். எனினும், மலையுச்சியின் மூடுபனியில் பழைய துப்பாக்கி எத்துணைப் பயன்படும் என்பதையும் அச்செய்தி நமக்கு நினைவூட்டுகிறது.

கேப்புத் துப்பாக்கியும் குளிரில் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. பழைய வெடிமருந்து எரிந்தபின், அதன் நிறையில் பாதிக்கு மேல் கரியும் உப்புமாகக் குழலுக்குள்ளேயே படியும். அப்படிவு ஓரிரவில் ஈரத்தை இழுத்துச் சேறாகும். அச்சேறு, கேப்பின் தீ உள்ளே செல்லும் ஊசித் துளையை அடைக்கும். ஆகவே விடிந்ததும் மருந்திடுமுன் வெறுங் கேப்பு ஒன்றை வெடித்துத் துளையைத் திறத்தலும், முந்திய நாள் இட்ட மருந்தை நம்பாது புது மருந்து இடுதலும், கேப்பைச் சுற்றி மெழுகோ கொழுப்போ தடவி நீர் புகாமற் காத்தலும் தேர்ந்த வேட்டைக்காரரின் நடைமுறைகளாயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருந்து, குண்டு, கேப்பு ஆகிய மூன்றையும் ஒரே உறையில் அடக்கிய தோட்டா வந்தது. குழலின் வாய்வழி இடித்த காலம் போய், பின்புறம் திறந்து இடும் காலம் பிறந்தது. 1891 இல் ஆங்கிலப் படையின் 303 ரைபிளுக்குப் புகையற்ற கோர்டைற்று மருந்து வந்து சேர்ந்தது. பித்தளை உறைக்குள் அடைபட்ட அம்மருந்தை மழை எளிதில் தொட இயலாது. அந்நாள்களில் ஊவாவின் முகமும் மாறிக் கொண்டிருந்தது. 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் காட்டை வெட்டி மலைச்சரிவுகளைத் தோட்டங்களாக்கினர். இரயில் பாதை 1924 இல் பதுளையை எட்டியது. மலை முகட்டுப் பங்களாக்களில் கணப்பு அடுப்பின் பக்கத்தே துப்பாக்கிகள் நின்றன. 1900 இல் தொடங்கி 1949 இல் கலைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படையில் துரைமார் பலர் பயிற்சி பெற்றனர்.

அத்துப்பாக்கிகளைத் துடைத்தவர் யார்? இங்கேதான் நூல்கள் மௌனம் சாதிக்கின்றன. என் பாட்டனார் அப்புத்தளைப் பகுதியில் ஒரு பங்களாவில் வேலை செய்தவர். துரையின் துப்பாக்கிகளைப் பேணுவது அவர் பொறுப்பு. நான் சிறுவனாய் இருந்த காலத்தில், லயத்து வாசலில் கம்பளியைப் போர்த்துக் கொண்டு அவர் சொன்ன செய்திகள், பிற்காலத்தில் நான் படித்த நூல்களோடு ஒத்திருந்தமை கண்டு வியந்திருக்கிறேன். அவற்றுள் மூன்றினை இங்கே கூறுவேன்.

முதலாவது, வெந்நீர். வேட்டை முடிந்து வந்ததும், கொதிக்கும் நீரைக் கேத்தலில் கொணர்ந்து, புனல் வைத்துக் குழலுக்குள் ஊற்றுவாராம். உலரத் துடைத்த பின்னரே எண்ணெய். ‘இரும்பில் தண்ணீர் ஊற்றலாமா தாத்தா?’ என்று நான் வினவியதுண்டு. ‘குழலுக்குள்ளே உப்பு ஒட்டிக்கிட்டு இருக்கும் ராசா. எண்ணெய் பூசினா உப்புப் போகுமா? தண்ணியிலதானே கரையும்!’ என்பார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அக்காலக் கேப்புகளில் பொட்டாசியம் குளோரேற்று என்னும் பொருள் இருந்தது. அது வெடித்தபின் நம் சமையலுப்பை ஒத்த ஓர் உப்பைக் குழலில் விட்டுச் செல்லும். மழைக்காலத்தில் உப்புச்சாடி கசிவது போல அவ்வுப்பும் ஈரத்தை இழுத்து, எண்ணெய்ப் படலத்தின் அடியிலேயே எஃகை அரிக்கும். நீர் அதனைக் கரைத்து நீக்கும். நீரின் கொதிப்பு குழலையே சுடவைத்துத் தானே உலரச் செய்யும். ஆங்கிலப் படையினரும் இம்முறையையே கையாண்டனர். துருவேற்றாத கேப்புகள் பரவலான பின்னரே இதன் தேவை குறைந்தது.

இரண்டாவது, தாழ்வாரம். குளிரில் நனைந்து வந்த துப்பாக்கியை உடனே கணப்பு எரியும் அறைக்குள் கொண்டு செல்லலாகாது. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பை வெப்பமான அறையில் வைத்தால் அதன் புறத்தே முத்து முத்தாய் நீர் அரும்பும் அன்றோ? அதுபோலவே குளிர்ந்த எஃகின் மேலும், வில்லும் ஆணியும் மறைந்திருக்கும் உட்புறத்திலும் நீர் அரும்பும். அந்நீர் துருவாகும், உறைபனி இரவில் மீண்டும் வெளியே கொண்டு சென்றாற் பனிக்கட்டியுமாகும். ஆகவே தோட்டாக்களை அகற்றி, தோலுறையை மூடியபடியே தாழ்வாரத்தில் வைத்து, பின்னர் மெல்ல மெல்ல உள்ளே கொணர்ந்து, இறுதியில் திறந்து துடைத்தல் வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய். நான் தொடக்கத்திற் கூறிய உறைந்த போத்தலை நேயர்கள் நினைவு கூர்க. கீழ்நாட்டிலிருந்து வந்த சிலர், கைக்கெட்டியது என்று தேங்காயெண்ணெயை விசைப்பொறியில் விடுவதுண்டு. பகலில் அது நன்றாகவே வழுக்கும். விடியற்காலைக் குளிரில் அதுவே பசையாக இறுகும். குதிரை தளர்ந்து விழும். ஊசி கேப்பை மெல்லத் தொடுமேயன்றிக் குத்தாது. பாட்டனார் மண்ணெண்ணெயால் விசைப்பொறியைக் கழுவி, உலர்த்தி, தையல் இயந்திரத்துக்கு விடும் மெல்லிய எண்ணெயில் ஒரே ஒரு துளியைத் துணியில் தோய்த்துத் தடவுவாராம். ‘மிகுதியான எண்ணெயும் அழுக்கே’ என்பது அவர் கொள்கை.

இவ்வுண்மையை உலகின் பெருஞ் சேனைகளும் பெருவிலை கொடுத்தே கற்றன. 1939 இறுதியில் மூண்ட குளிர்காலப் போரில், பின்லாந்து வீரர் தம் துப்பாக்கிகளை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையிலேயே பயன்படுத்தினர். 1941 இல் மொஸ்கோவின் வாயிலை எட்டிய செருமானியப் படையிலோ, எண்ணெய் உறைந்து துப்பாக்கிகள் இயங்க மறுத்தன. பேரரசுகளின் போர்க்களத்தில் நிகழ்ந்த அதே பிழை, அளவிற் சிறியதாய், நம் தோட்டப் பங்களாவின் தாழ்வாரத்திலும் நிகழ்ந்தது.

துப்பாக்கி வெடிக்காமற் போனால் விலங்கு தப்பிவிடும். அதனால் என்ன கேடு என நேயர் சிலர் கருதக் கூடும். கேடு உண்டு. வெடிக்காமற் போவதைவிடத் தாமதித்து வெடிப்பது கொடிது. ஒரு தோட்டத்தில் நிகழ்ந்ததாகப் பாட்டனார் கூறிய செய்தி இது. தோட்டத்தின் பெயரோ ஆட்களின் பெயரோ வேண்டுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தொழிலாளர் சிலர் தகரத்தைத் தட்டிக் காட்டைக் கலைத்து வந்தனர். மாதக் கணக்கில் ஈரத்திற் கிடந்த காகித உறைத் தோட்டாவை இட்டுச் சுட்டவர், ஓசை எழாதது கண்டு, வியப்போடு துப்பாக்கியைத் தாழ்த்திப் பார்த்தார். நனைந்த மருந்து அக்கணத்தில் விழித்துக் கொண்டது. புதரிலிருந்து வெளிவந்து கொண்டிருந்த ஒரு தொழிலாளியின் பாதத்தில் ரவைகள் பாய்ந்தன. அவர் உயிர் பிழைத்தார்; ஆயினும் பின்னர் மலையேறிக் கொழுந்து நிறுவைக்குச் செல்ல இயலாதவரானார். ‘குதிரை விழுந்து சத்தம் வரலைன்னா, குழலை ஆளில்லாத பக்கம் பிடிச்சுக்கிட்டு முப்பது எண்ணணும்’ என்று பாட்டனார் வற்புறுத்தியதன் காரணம் இதுவே. துப்பாக்கியைப் பேணுதல் துரையின் பொழுதுபோக்குக்காக மட்டுமன்று, முன்னே நடந்து செல்லும் ஏழையின் காலுக்காகவும் ஆகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆயினும் இக்கதைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதுவே என் பேச்சின் உயிர்நாடி.

ஈரத்துக்கு அஞ்சிய துப்பாக்கி இருந்த காலத்தில், வேட்டைக்காரனுக்கும் விலங்குக்கும் இடையே மழையும் மூடுபனியும் நடுவராய் நின்றன. அந்நடுவரைக் கேப்பு சிறிது விலக்கியது. தோட்டா முற்றும் விலக்கியது. டெனன்ற் தரும் கணக்குகளைக் கேளுங்கள். 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு மேல் கொல்லப்பட்டன. 1851 க்கும் 1856 க்கும் இடையே தென் மாகாணத்தில் 2,000 யானைகள் மாண்டன. பயிரைக் காக்க வேண்டுமென்று அரசே தலைக்கு இத்தனை ஷில்லிங் எனப் பரிசு கொடுத்தது. குற்றம் முழுவதையும் துப்பாக்கியின் மேற் சுமத்துவது நேர்மையன்று. முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் காடுகள் வீழ்ந்தன; வாழிடம் இழந்த விலங்கு குண்டு இன்றியும் அழியும். அக்கோடரிகளைப் பிடித்த கைகளில் நம் முன்னோர் கைகளும் உண்டு. வயிற்றுப் பசியே அவற்றைப் பிடிக்கச் செய்தது. பேக்கர் காலத்தில் ஹோட்டன் சமவெளியில் திரிந்த யானைகள் இன்று அங்கே இல்லை. மரைகள் மட்டும் மாலை வேளைகளில் புல்வெளிக்கு வருகின்றன.

இயற்கை இட்ட காவல் நீங்கியபோது, மனிதன் தானே ஒரு காவலை இடவேண்டியதாயிற்று. 1891 இல் யானை, எருமை முதலியவற்றை வீணே கொல்வதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. 1916 ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம், கருவி வைத்திருப்போர் உரிமம் பெற வேண்டுமென விதித்தது. 1937 இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988 இல் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவாயிற்று. மழையும் மூடுபனியும் எழுத்தின்றிச் செய்த வேலையை, எழுத்தில் வடித்த சட்டம் செய்ய முயல்கிறது. மழையோ எவருக்கும் முகம் பார்த்துப் பெய்வதில்லை. சட்டமும் அவ்வாறு இருந்தால்தான் அது காவலாகும்.

இன்று தோட்டங்களில் வேட்டைத் துப்பாக்கி அருகிவிட்டது. ஆனால் காட்டுப்பன்றிக்கென்று கம்பிச் சுருக்கும், ஆளின்றித் தானே வெடிக்கும் பொறித் துப்பாக்கியும் மறைவாக வைக்கப்படுகின்றன. அவற்றில் சிறுத்தையும் அகப்படுகிறது. விறகு பொறுக்கச் செல்லும் மனிதனும் அகப்படுகிறான். வெடிக்குமுன் எண்ணிப் பார்க்கும் மனம் அக்கருவியின் பின்னால் இல்லை. என் பாட்டனார் அதனைக் கண்டிருப்பின், மண்ணெண்ணெயால் கழுவ முனைந்திரார்; பிரித்துப் போட்டிருப்பார் என்றே எண்ணுகிறேன்.

ஆண்டுதோறும் என் மாணவரைப் புனித மாற்கு ஆலயத்துக்கு அழைத்துச் சென்று, ரோஜர்சின் நினைவுக் கல்லைக் காட்டுவது என் வழக்கம். சென்ற ஆண்டு ஒரு மாணவி, ‘சேர், இவருக்கு வழிகாட்டினவங்க, துப்பாக்கி தூக்கினவங்க பேரெல்லாம் எங்கே இருக்கு?’ என்று வினவினாள். எங்கும் இல்லை என்பதே விடை. கல்லில் இடம்பெறாத அவர்களைச் சொல்லில் இடம்பெறச் செய்வது வரலாறு கற்பிப்போரின் கடமை எனக் கருதியே இப்பேச்சுக்கு உடன்பட்டேன்.

நாளைக் காலை உங்கள் எண்ணெய்ப் போத்தல் உறைந்திருக்கக் கண்டால், நம் மலையின் குளிர் ஒரு காலத்தில் எத்தனை உயிர்களுக்குச் சில கணங்களை ஈந்து ஓடித் தப்ப விட்டது என்பதைச் சற்றே நினைத்துப் பாருங்கள். பிறகு அடுப்பங்கரையில் அதனை உருக்கிக் கொள்ளுங்கள்.